இடுப்பில் கட்டிய வெளிச்சம்

எங்கள் பக்கத்தில் ரப்பர் வெட்டுகிறவர்கள் விளக்கை நெற்றியில்தான் கட்டுவார்கள். ஏன் நெற்றியில் என்று யாரும் கேட்டதில்லை. வெயில் ஏறினால் மரத்தில் பால் ஒழுகுவது குறைந்துவிடும் என்பதால் விடிவதற்கு முன்பே தோட்டத்தில் இருக்க வேண்டும். இரண்டு கையும் கத்திக்கு வேண்டும். மிச்சம் இருப்பது தலைதானே என்று நானும் பல வருஷம் யோசிக்காமல் இருந்துவிட்டேன். நான் பௌதிகத்தில் பட்டம் வாங்கியவள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது குத்திக்காட்டுவதற்கு முன்னால் நானே சொன்னதாக இருக்கட்டும்.

தோட்டம் குலசேகரத்தைத் தாண்டி, மலை ஏறத் தொடங்கும் மேட்டில் இருக்கிறது. பெரிய தோட்டமெல்லாம் இல்லை. கணவர் வளைகுடாவில் எலக்ட்ரீஷியனாக இருந்த காலத்தில் அவர் அனுப்பிய பணத்தில் நான் நட்ட மரங்கள். குழி எடுக்க ஆள் பிடித்தது முதல் மாடு கடிக்காமல் வேலி கட்டியது வரை என் பாடுதான். மரம் வெட்டுக்கு வந்தபோது வெட்டுக்காரர்கள் இன்று வருவார்கள், நாளை கல்யாணவீட்டுக்குப் போவார்கள். கோபத்தில் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்து நானே கத்தியை எடுத்தேன். கணவர் முழங்கால் தேய்ந்து ஊர் திரும்பினார். குனிந்து நிமிர அவரால் முடியாது. நான் எடுத்துவரும் பாலை உறையவைத்து, உருளையில் கொடுத்து ஷீட் அடித்து, காயப்போடுவது அவர் வேலையானது. அவரவர் வேலையில் மற்றவர் மூக்கை நுழைக்காதவரை வீடு அமைதியாக இருந்தது.

வெட்டு என்றால் வெட்டித் தள்ளுவது என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். சீவுவதுதான் வேலை. பட்டைக்கும் உள்ளே இருக்கும் தடிக்கும் நடுவே ஈரமான மெல்லிய தோல் ஒன்று உண்டு. கத்தி அதன் பக்கத்தில் போனால்தான் பால் நன்றாக வரும். அதைத் தொட்டுவிட்டால் மரத்துக்குப் புண். புண் ஆறினாலும் அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு பட்டை வளர்ந்து திரும்ப அங்கே வெட்டும்போது கத்தி இறங்காது. புண் பட்ட இடத்தில் என் கணவர் களிமண்ணும் சாணியும் குழைத்து அப்பிவைப்பார். அது காய்ந்து வெளுத்து, ரோட்டில் போகிறவனுக்கும் தெரியும்.

போன வருஷம் மழைக்காலம் முடிந்து வெட்டு சூடு பிடித்தபோது, எங்கள் மரங்களில் இந்த மண் அப்பல்கள் கூடிக்கொண்டே போயின. என் கை தவறவில்லை, கண்தான் தவறியது. நாற்பதைத் தாண்டி வெகுநாள் ஆகிவிட்டது, கிட்டத்தில் இருப்பது கலங்கித் தெரிகிறது. கண்ணாடி போட்டுப் பார்த்தேன். விடியற்காலைப் பனியிலும் என் வியர்வையிலும் அது மூடிக்கொண்டது. துடைத்துத் துடைத்து, கடைசியில் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது சபையில் ஓர் அம்மா, உங்கள் மரத்துக்கெல்லாம் அம்மை போட்டிருக்கிறதா என்று வெகு கரிசனமாக விசாரித்தார். சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்து பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினேன்.

வெளிச்சம் போதவில்லை, அதுதான் காரணம் என்று கணவர் தீர்ப்புச் சொன்னார். எலக்ட்ரீஷியன் அல்லவா, எந்த நோய்க்கும் அவரிடம் மருந்து மின்சாரம்தான். ஒரு வாரம் கைபேசியே கதியாக இருந்தார். எத்தனை ஆயிரம் லூமன் என்று படித்துச் சொல்வதும், அதைவிடப் பெரிய எண் கிடைத்ததும் முந்தையதை ஏளனமாகத் தள்ளிவிடுவதுமாக இருந்தார். வெளிச்சத்தை லூமன் என்று அளப்பார்கள், எண் பெரிதானால் வெளிச்சம் பெரிது. கடைசியில் ஒன்று வந்து சேர்ந்தது. கைக்குள் அடங்குகிற அளவுதான், ஆனால் இரும்புக் குழவி மாதிரி கனம். தலையில் கட்ட வார் வைத்திருந்தது. அன்று சாயங்காலம் இருட்டியதும் முற்றத்தில் நின்று தென்னை மண்டையில் அடித்துக் காட்டினார். காக்கைகள் பதறிப் பறந்தன. பக்கத்து வீட்டுச் சேவல் விடிந்துவிட்டது என்று நினைத்துக் கூவியது. இவருக்கு முகமெல்லாம் பெருமை.

மறுநாள் அதை நெற்றியில் கட்டிக்கொண்டு போனேன். நாலைந்து மரம் போவதற்குள் நெற்றி சுட்டது. சுடுசோற்றுப் பானையில் தலையை முட்டுக்கொடுத்து நிற்பது போல இருந்தது. ஊரில் இருக்கும் பூச்சியெல்லாம் என் மூக்குக்கு வந்தது. குனியும்போது கனத்தில் விளக்கு புருவத்தில் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் தானாகவே பாதியாகக் குறைந்தது. அது பழுதில்லை, சூடு கூடினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அப்படிக் குறைத்துக்கொள்ளும் என்று கணவர் பிற்பாடு விளக்கினார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்த விளக்குக்கு என் நெற்றியைக் காப்பாற்றத் தெரியவில்லை. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அந்த வெளிச்சத்தில் பட்டை முழுவதும் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிட்டது. பாலும் வெள்ளை, பட்டையும் வெள்ளை, எது மேடு எது பள்ளம் என்று ஒன்றும் விளங்கவில்லை. அன்று விழுந்த புண்களை மூட ஒரு சட்டி மண் போதவில்லை.

மண் அப்பி முடித்துக் கை கழுவிக்கொண்டே கணவர் சொன்னார்.

"சவத்த விடு ஏட்டி. கடும்வெட்டுக்குக் குடுத்திரலாம்."

கடும்வெட்டு என்பது வயதாகிப் பால் வற்றிய மரத்துக்குச் செய்வது. ஒருவர் மொத்தமாகப் பணம் கொடுத்து மரத்தை எடுத்துக்கொள்வார். மேலும் கீழும் நாலு பக்கமும் வெட்டி, உள்ள பாலையெல்லாம் உறிஞ்சி, பிறகு அறுத்துத் தடியாக விற்றுவிடுவார். எங்கள் மரங்களுக்கு இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் ஆயுள் இருந்தது. அவற்றை அப்படிக் கொடுப்பது என்றால், நன்றாக நடக்கிற மாட்டைக் கசாப்புக்கு ஓட்டுவதுதான். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. விளக்கை வாங்கியது அவர், பழி என் கண்ணுக்கா? அன்று இரண்டு பேரும் பேசியதை எழுதினால் என் பிள்ளைகள் படிக்கக்கூடும், ஆகவே விட்டுவிடுகிறேன். முடிவில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். கடும்வெட்டு எடுக்கும் ஆளைக் கணவருக்குத் தெரியும். தை மாதம், இலை உதிரத் தொடங்கும்போது அவர் வந்து மரத்தைப் பார்ப்பார். அதற்குள் நான் என் விளக்கை நானே தேடிக்கொள்வேன். புது விளக்கோடு தோட்டத்தில் இறங்கிய நாளிலிருந்து ஒரு புதுப் புண் விழுந்தாலும் மரத்தைக் கொடுத்துவிடலாம், நான் வாய் திறக்க மாட்டேன். வாய் திறக்க மாட்டேன் என்றதை மட்டும் அவர் நம்பவில்லை.

அவசரத்தில் முதலில் குலசேகரம் சந்தையில் மலிவாக ஒன்று வாங்கினேன். அட்டையில் போட்டிருந்த லூமன் என் கணவருடைய விளக்கையே தோற்கடித்தது. எடை இல்லை, சூடு இல்லை, விலை ஒரு கிலோ மத்தி மீனுக்குப் பக்கம். நல்லவேளையாக வீட்டு வாசலிலேயே சோதித்துப் பார்த்தேன். நடுவில் நீலமாக ஒரு வட்டமும் சுற்றிலும் இருட்டுமாக அடித்தது. ஒரு தூறலுக்கு நனைந்ததும் கண்ணை மூடிவிட்டது. அட்டையில் எண்ணை எழுதுகிறவனுக்கு மை மட்டும்தான் செலவு என்பது அப்போது புரிந்தது.

அதன் பிறகு நிதானத்துக்கு வந்தேன். விளக்கைக் கடையில் சுவரில் அடித்துப் பார்த்து என்ன பிரயோஜனம்? நான் சுவரையா வெட்டுகிறேன்? பக்கத்துத் தோட்டத்தில் காற்றில் சாய்ந்த மரம் ஒன்று கிடந்தது. கேட்டு, பட்டையோடு முழ நீளத்துக்கு ஒரு துண்டு அறுத்து வாங்கிக்கொண்டேன். அதைக் கட்டைப்பையில் போட்டு, மேலே வெட்டுக் கத்தியைத் துணியில் சுற்றி வைத்து, மார்த்தாண்டத்துக்குப் பஸ் ஏறினேன். கண்டக்டர் பையைத் தூக்கி நகர்த்தப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன கல்லா என்று கேட்டார். மரம் என்றேன். டிக்கெட் போடவா என்று கேட்டுவிட்டுப் போனார்.

மேம்பாலத்துக்குக் கீழே நெரிசலை விட்டு உள்ளே தள்ளி ஒரு எலக்ட்ரிக்கல் கடை உண்டு. கடைக்காரர் என்னைவிட இளையவர், அக்கா அக்கா என்று நன்றாகப் பேசினார். கண்ணாடிப் பெட்டியிலிருந்து சின்னச் சின்ன டார்ச்சுகளாக எடுத்து வைத்தார். இது அந்தக் குன்று வரைக்கும் அடிக்கும், அது அதற்கு அந்தப் பக்கமும் அடிக்கும் என்று ஒவ்வொன்றையும் புகழ்ந்தார். எவ்வளவு தூரத்துக்கு வேண்டும் என்று கேட்டபோது நான் பையிலிருந்து தடியை எடுத்துக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தேன்.

"ஒரு முழத்துக்கு" என்றேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் நல்ல மனுஷர். பின்னால் சாமான் போட்டுவைக்கும் அறை இருட்டாக இருக்கும் என்று அழைத்துப் போனார். தடியை ஒரு ஸ்டூலில் சாய்த்து நிறுத்திக் கத்தியால் புதிதாக ஒரு வெட்டுப் போட்டேன். ஒவ்வொரு டார்ச்சாக நெற்றியில் பிடித்துக்கொண்டு பார்த்தேன். சூடு பார்க்க எனக்கு ஒரு வழி தோன்றியது. விளக்கை எரியவிட்டுக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்து, பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் முழுதாகச் சொல்லி முடிப்பேன். முடிவதற்குள் சுட்டால் அந்த விளக்கு வேண்டாம். கடைக்காரர் முதல் விளக்குக்கு மரியாதையாகக் கைகட்டி நின்றார். மூன்றாவது விளக்கில், அக்கா கொஞ்சம் சின்னச் சங்கீதமாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

பிரகாசமாக இருந்ததெல்லாம் சுட்டது. சுடாததெல்லாம் மங்கலாக இருந்தது. சின்னதில் பேட்டரி நிற்காது, பேட்டரி நிற்பது கனம். எல்லாம் சேர்ந்து ஒத்துவந்தது ஒன்றே ஒன்று, அதன் விலையைக் கேட்டதும் திரும்பப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னேன். மரங்கள் கையை விட்டுப் போகப் போகின்றன, நான் இங்கே இருட்டறையில் சங்கீதம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அப்போது கடைக்காரருக்குப் போன் வந்தது. கையில் இருந்த விளக்கை அணைக்காமல் ஸ்டூல் ஓரத்தில் வைத்துவிட்டு வெளியே போனார். கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிய விளக்கு, கழுத்து மடங்கிப் பக்கவாட்டில் வெளிச்சம் வருகிற மாதிரி. பின்னால் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு கிளிப். அதன் வெளிச்சம் தடியின் மேல் கீழேயிருந்து சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. நான் தற்செயலாகத்தான் பார்த்தேன். என் கத்தி போட்ட வெட்டில் ஒவ்வொரு வரிக்கும் நிழல் விழுந்திருந்தது. எங்கே பட்டை கனமாக நிற்கிறது, எங்கே கத்தி ஆழம் போயிருக்கிறது, எல்லாம் எனக்குக் கண்ணாடி இல்லாமலே தெரிந்தது.

தனியாக நின்று சிரித்தேன். கண்ணுக்குப் பக்கத்திலிருந்து வெளிச்சம் அடித்தால் நிழல் எல்லாம் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். நிழல் தெரியாவிட்டால் ஆழம் தெரியாது. கல்லூரியில் மூன்று வருஷம் ஒளியைப் பற்றிப் படித்துப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவளுக்கு, மார்த்தாண்டத்தில் ஒரு ஸ்டூல் ஓரத்தில் அது விளங்க வேண்டியிருந்தது. வெளிச்சத்தைக் கூட்டக் கூட்ட நான் நிழலைத்தான் கொன்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் திரும்பி வந்தபோது நான் அதே விளக்கை அதன் நடு அளவில் வைத்து, இடுப்புப் பக்கம் பிடித்துக்கொண்டு வெட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். பெரிய அளவில் வைத்தால் இதுவும் சுடத்தான் செய்தது, ஆனால் எனக்குப் பெரிய அளவே தேவைப்படவில்லை. நடு அளவில் சின்னச் சங்கீதமும் பெரிய சங்கீதமும் சொல்லி முடித்தேன், வெதுவெதுப்புதான். வெளிச்சம் கொஞ்சம் மஞ்சள் கலந்து கண்ணுக்கு இதமாக இருந்தது. விலை கணவருடைய குழவியில் பாதிகூட இல்லை. சந்தையில் வாங்கியதைவிடக் கூடுதல்தான், ஆனால் அது விளக்கே இல்லையே, எதற்கு ஒப்பிட வேண்டும்? பேரம் பேசவில்லை. அவர் அறையெல்லாம் பட்டைச் சீவல் கிடந்தது, பேச எனக்கே வெட்கமாக இருந்தது.

வீட்டில் கணவர் விளக்கை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எத்தனை லூமன் என்று கேட்டார். அட்டையை நான் முன்பே கிழித்துப் போட்டிருந்தேன். அவருடைய பழைய கம்பெனி பெல்ட்டை எடுத்து, நான் தோட்டத்துக்குப் போடும் முழுக்கைச் சட்டைக்கு மேலே கட்டி, இடது இடுப்பில் விளக்கைக் குத்திக்கொண்டேன்.

"மின்மினிக்காவது வாலுல வெளிச்சம். ஒனக்கு இடுப்புலயா?" என்றார்.

மறுநாள் விடியுமுன் முதல் மரத்தின் முன்னால் நின்றேன். எங்கள் மரங்களில் வெட்டு இப்போது நெஞ்சளவில் இருக்கிறது. இடுப்பிலிருந்து விளக்கு மேல்நோக்கிச் சாய்வாக அடித்ததும், பழைய வெட்டின் விளிம்பு கறுப்புக் கோடாக எழுந்து நின்றது. கத்தியை வைத்து இழுத்தேன். சீவல் மாவடுத் தோல் மாதிரி மெலிதாகச் சுருண்டு விழுந்தது. பால் கோடு முழுவதும் நிறைந்து, மரத்தில் அடித்த தகர மூக்கில் இறங்கி, கீழே கட்டிய தேங்காய்ச் சிரட்டையில் சொட்டத் தொடங்கியது. ஆழம் போகப் போகிறது என்றால் நிழல் முன்கூட்டியே மெலிந்து காட்டிக்கொடுத்தது. நெற்றி காற்று வாங்கியது. பூச்சிகள் இடுப்பைச் சுற்றிக் கும்மாளம் போட்டன, போடட்டும். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகையில் விளக்கின் கழுத்தைக் கீழே மடக்கினால் காலடியில் என்ன கிடக்கிறது என்றும் தெரிந்தது. கடைசி மரம் வரும்போது நான் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தேன். என் குரலைக் கேட்டவர்களுக்கு அது எவ்வளவு அபூர்வம் என்று தெரியும்.

வெயில் வந்ததும் கணவர் மண் சட்டியோடு மேட்டில் ஏறினார். மரம் மரமாக நின்று வெட்டில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். நான் பால் வாளியோடு பின்னாலேயே நடந்தேன். கடைசி வரை பார்த்துவிட்டு, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு இறங்கிப் போனார். அன்று குழைத்த மண் சட்டியிலேயே காய்ந்தது. அடுத்த வெட்டுக்கும் குழைத்தார், அதுவும் காய்ந்தது. பிறகு குழைப்பதை நிறுத்திவிட்டார், சட்டியில் எங்கள் கோழி முட்டையிட ஆரம்பித்தது.

மேட்டில் வெட்டுகிற மற்றவர்கள் சும்மா விடவில்லை. வயிற்றில் பல்பு முளைத்திருக்கிறது என்றார்கள், ஸ்விட்ச் எங்கே என்று கேட்டார்கள். நான் எல்லோரிடமும் ஒரே பதிலைத்தான் சொன்னேன், ஒரு மரம் இப்படி வெட்டிப் பார்த்துவிட்டுச் சிரியுங்கள் என்று. என் வயதே இருக்கும் ஒரு அக்கா முதலில் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்த்தார். இரண்டு மரம் வெட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அந்த வாரமே அவர் இடுப்பில் ஒன்று எரிந்தது. கிறிஸ்துமஸுக்குப் பாட்டுக்காரர்கள் வீடு வீடாக வரும் சமயத்தில், எதிர்ச் சரிவிலும் சில வெளிச்சங்கள் நெற்றியை விட்டு இறங்கியிருந்தன. எனக்கு அதில் உண்டான பெருமையை மறைக்கத் தெரியவில்லை, மறைக்கவும் இல்லை.

தை பிறந்து, இலை பழுத்து உதிரத் தொடங்கியபோது கடும்வெட்டுக்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை, மரத்தைப் பார்த்தே எடை சொல்கிற கண். கணவரும் அவரும் முன்னால் நடந்தார்கள், சருகை மிதித்துக்கொண்டு நான் பின்னால். பழைய மண் அப்பல்களைப் பார்த்து அவர் உதட்டைப் பிதுக்கினார். பிறகு அதற்குக் கீழே கார்த்திகையில் புது விளக்கு வந்த பிறகு போட்ட வெட்டுகளுக்கு வந்தார். குனிந்தார். விரலால் நீவினார். அடுத்த மரத்துக்கு நடையைக் கூட்டிப் போனார். பாதித் தோட்டம் பார்த்த பிறகு, இதற்கு எந்த வெட்டுக்காரரைப் பிடித்தீர்கள் என்று கணவரிடம் கேட்டார். கணவர் என் பக்கம் தாடையைக் காட்டினார்.

அந்த ஆள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கணவரிடம் திரும்பி, அவரோடு போனில் முன்பே பேசியிருந்த தொகையைத் தாமாகவே கூட்டினார். இவ்வளவு சுத்தமான பட்டை இருந்தால் மரத்தில் இன்னும் நிறையப் பால் எடுக்கலாம், நஷ்டமே வராது என்றார். நான் நன்றாக வெட்டியதாலேயே விலை ஏறிவிட்டதா? மரத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நானே அதை நல்ல விலைக்குத் தயார் செய்து வைத்திருக்கிறேனா? வீட்டுக் கூரை ஒழுகுவதும், கணவரின் முழங்காலுக்கு ஆபரேஷன் வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் எனக்கும் தெரியும். அவர் என்ன சொன்னாலும் குறை சொல்ல முடியாது. ஒப்பந்தப்படி நான் ஜெயித்திருந்தாலும், அவர் தலையாட்டிவிட்டால் முடிந்தது.

கணவர் பக்கத்து மரத்தில் கையை ஊன்றிக்கொண்டார். சிரட்டையில் விழுந்திருந்த ஒரு சருகை எடுத்துப் போட்டார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, தொண்டைக்குள்ளேயே, மரம் கொடுப்பதாக இல்லை என்கிற மாதிரி ஏதோ முனகினார்.

சந்தோஷத்தில் எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடலாம் போல இருந்தது. ஆனால் நான் யார்? அம்மை போட்டிருக்கிறதா என்று கேட்டதையும், மின்மினி என்றதையும் இத்தனை மாசம் வாயை மூடிக்கொண்டு பொறுத்தவள்.

"எனக்குச் செரியா கேக்கல்ல. ஒருக்க கூடி சொல்லுங்க" என்றேன்.

கணவர் என்னை முறைத்தார். கடும்வெட்டுக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கணவர் மரத்திலிருந்து கையை எடுத்து நிமிர்ந்து நின்றார். பக்கத்துத் தோட்டத்தில் வெட்டில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலைப் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னார்.

"மரம் குடுக்கல்ல. இவ வெட்டுவா."